பாலர் நாடகமும் புகைப்படமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்தின் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறி வெள்ளிமலையைச் சென்றடைகிறது. இந்த மலையின் கீழ்த்திசையில் பரந்து கிடக்கும் பழைய தென்னார்க்காட்டுச் சீமையில் திரௌபதியம்மன் கோயில்கள் பல. கோடைக்காலத்துத் திருவிழாவில் பகலில் பாரதம் படிக்கப்படும். இரவில் கூத்து ஆடப்படும். கூத்தாடுவோருடன் மீசை அரும்பாத பிள்ளைகள் சிலரும் பின்பாட்டுப் பாடிக்கொண்டும் சிறு வேடம் தரித்துக்கொண்டும் நிற்பதைக் காணலாம். இன்று அப்பிள்ளை வாய் திறந்து ஓர் அடி பாடுவதற்குள், எதிரே அமர்ந்திருப்போரில் பத்துப் பேராவது கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்து விடுகின்றனர். விடிவதற்குள் அப்படம் கடல் கடந்தும் போய்விடுகிறது.

நூறாண்டுகளுக்கு முன்னர், தமிழ்நாட்டு மேடைகளில் இதே வயதுப் பிள்ளைகள் இரவு முழுவதும் பாடி நடித்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் அவர்கள் பாட்டில் மயங்கினார்கள். அப்பிள்ளைகள் மேடையில் நின்று பாடிய தோற்றத்தைக் காட்டும் படம் ஒன்றைக் காண விரும்பினால், நமக்குக் கிடைப்பது என்ன? நேயர்களோடு இன்று ஆராய விரும்புவது இதுவே.

முதலில் அப்பிள்ளைகளைப் பற்றிச் சில சொல் கூற வேண்டும். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, பின்னர் நாடகத்துக்கு வந்தவர். பெரியவர்கள் நடித்த குழுக்களில் கட்டுப்பாடு குலைந்திருந்ததைக் கண்டு மனம் நொந்த அவர், சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்தார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தோன்றிய ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’ அந்தத் துணிவின் விளைவாகும். நாடகக் குடும்பத்துப் பிள்ளைகளான தி. க. சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய உடன்பிறந்தோர் அச்சபையில் சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அச்சிறுவனுக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. சுவாமிகள் 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புதுச்சேரியில் மறைந்தார். தி. க. ச. சகோதரர்கள் 1925-ஆம் ஆண்டில் ‘மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா’ என்ற பெயரில் தாங்களே குழு அமைத்துக்கொண்டனர். இவையன்றி, பி. யு. சின்னப்பாவும் எம். ஜி. இராமச்சந்திரனும் சிறுவயதில் பயின்ற ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’யும், நவாப் இராஜமாணிக்கம் நடத்திய ‘தேவி பால விநோத சங்கீத சபா’வும் நாடறிந்தவை.

இந்நாடகங்கள் பெரும்பாலும் பாட்டாலேயே ஆனவை. ஓரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்திருப்பார், அருகில் மிருதங்கம். ராஜபார்ட் திரைக்குள்ளிருந்து குரல் கொடுத்துப் பின்னர் வெளிப்படுவான். அவன் பாடி முடித்ததும் கொட்டகையிலிருந்து ‘ஒன்ஸ்மோர்’ என்னும் கூக்குரல் எழும். அதே பாட்டை மறுபடியும் பாடியாக வேண்டும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு கதை. பிள்ளைகள் கம்பெனி வீட்டில் உண்டு, உறங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஊர் ஊராகச் சென்றார்கள். பெற்றோரைக் காண்பது அரிது. பிரம்படி வாங்காத பிள்ளையும் அரிது.

இப்பிள்ளைகளின் வாழ்வில் ஒரு பெரும் அச்சம் உண்டு. பன்னிரண்டு, பதினான்கு வயதில் குரல் உடையும். நாடக உலகத்தார் இதனை மகரக்கட்டு என்பர். நேற்றுவரை ஐந்து கட்டையில் நின்று கூவிய குயில், இன்று கரகரத்துப் போகும். ஸ்திரீபார்ட் வேடம் வேறொருவனுக்குப் போய்விடும். குரல் மறுபடியும் படிந்து வந்தால் உண்டு. வாராவிட்டால் திரை இழுக்கவேண்டும், அல்லது ஊர் திரும்பவேண்டும். ஆகவே ஒரு பிள்ளை மேடையில் ஒளிவிட்ட காலம் சில ஆண்டுகளே. அந்தச் சில ஆண்டுகளுக்குள் புகைப்படக்கருவி அவனைக் கண்டிருந்தால்தான் உண்டு.

கண்டதா என்றால், கண்டது. ஆனால் மேடையில் அன்று.

பழைய நாடகச் சிறுவர்களின் படங்களாக நமக்குக் கிடைப்பவை பலவும் பகல் வெளிச்சத்தில், ஸ்டூடியோவுக்குள் எடுக்கப்பட்டவை. படத்தைக் கூர்ந்து பார்த்தாலே இது விளங்கும். பையன் கிரீடம் தரித்து, கையில் வில்லேந்தி, காலை முன்வைத்து நிற்பான். பின்னே அரண்மனைத் தூண்களும் பூங்காவும் தீட்டிய திரை. அத்திரை தரையைத் தொடுமிடத்தில் ஒரு மடிப்புத் தெரியும். ஒளி ஒரே பக்கத்திலிருந்து மெல்லெனப் படிந்திருக்கும். அது மேற்கூரையிலோ பக்கச் சுவரிலோ பதித்த கண்ணாடி வழியே வரும் வானத்து ஒளி. மேடை விளக்கு அவ்வாறு ஒளிராது. கீழிருந்தும் முன்னிருந்தும் எறித்து, மூக்கின் நிழலை நெற்றிமேல் ஏற்றிவிடும். இவ்வேறுபாட்டை அறியாமல், இத்தகைய படங்களின் கீழ் ‘மேடையில் தோன்றியபோது’ என்று அச்சிடுவோர் இன்றும் உள்ளனர்.

ஏன் இவ்வாறாயிற்று? அக்காலத்துப் படக்காரர்களுக்குக் கலையறிவு இல்லை என்று எண்ணுவது தவறு. 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் மேடாக்ஸ் என்பார் கண்டறிந்த உலர்தகடு முறையால், படக்காரர் ஈரம் காயாத கண்ணாடித் தகட்டோடு ஓடும் துன்பம் நீங்கியது. எனினும் அத்தகடுகளுக்கு ஒளிப்பசி அதிகம். விளக்கொளியில் ஒரு படம் பதிய வேண்டுமானால் பல நொடிகள் கருவியின் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அத்தனை நொடியும் பாடும் பிள்ளை சிலைபோல் நிற்பானோ? மேலும் அத்தகடுகள் நீல ஒளியை நன்கு உணரும். செந்நிறத்தைச் சற்றும் உணரா. கொட்டகையில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கும் பெட்ரோமாக்ஸும் தருவது மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒளி. நம் கண்ணுக்குப் பகல்போல் தோன்றிய மேடை, தகட்டின் கண்ணுக்கு இருட்டறையே. முகத்தில் பூசிய அரிதாரத்தின் செந்நிறமும் உதட்டுச் சாயமும் நெற்றித் திலகமும் அதில் கறுத்துப்போகும். எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்ததாயினும், எளிய ஸ்டூடியோக்காரர் அதனை நாடவில்லை. பழைய தகட்டைச் சிவப்பு விளக்கின் கீழ்க் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். புதியதைக் காரிருளில் கைத்தடவலாகக் கழுவ வேண்டும்.

இருளில் படமெடுக்க வேறொரு வழியும் இருந்தது. 1887-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் இருவர் மக்னீசியப் பொடியோடு வேறு மருந்துப்பொடி கலந்து கொளுத்தி மின்னல் போன்ற ஒளி பெறும் முறையைக் கண்டனர். தட்டில் பொடியைக் கொட்டி, கையை உயர்த்திப் பற்றவைத்தால், கண்ணைப் பறிக்கும் ஒளி ஒன்று எழுந்து அடங்கும்; பின்னர் வெண்புகை மண்டபம் முழுவதையும் மூடும். புகைப்படம் என்னும் நம் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புகையே நினைவில் எழும். கீற்று வேய்ந்த கொட்டகை, மூங்கில் பந்தல், எண்ணெய்ச் சாயம் ஏறிய துணித்திரைகள், நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்த மக்கள் கூட்டம் — இவற்றின் நடுவே நெருப்புப் பொடியைக் கொளுத்துவதற்கு எந்த முதலாளி இசைவான்? இசைந்தாலும், முதல் படத்தோடு அன்றைய ஆட்டம் புகைக்குள் மறைந்துபோகும். மேனாட்டிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1883-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் பால்க் என்பவர் மின்விளக்கொளியில் ஒரு நாடகக் காட்சியை மேடையிலேயே படமாக்கியது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. அங்கும் நடிகர்கள் படத்துக்காக அசையாது நின்றார்களேயன்றி, நடித்துக்கொண்டிருக்கவில்லை.

ஆயினும் ஸ்டூடியோப் படங்களைப் பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இங்கே ஒரு சுவையான உறவு இருக்கிறது. நாடகக் கம்பெனிக்குத் திரை தீட்டிய ஓவியர்களும், ஸ்டூடியோவுக்குத் திரை தீட்டிய ஓவியர்களும் சில வேளைகளில் ஒருவரே. நாள்காட்டிப் படங்களால் தமிழர் இல்லங்கள்தோறும் புகுந்த கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) அவ்வாறு வந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனி ஒன்றோடு திரை தீட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, அக்கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அவ்வூரிலேயே தங்கி, தம் மாணாக்கருடன் ஓவியத்தோடு புகைப்படத் தொழிலையும் நடத்தினார். ஆகவே அரசன் வேடத்துப் பையன் ஸ்டூடியோவில் நின்றபோதும், தன் முதுகுக்குப் பின்னே தனக்குப் பழக்கமான அரண்மனையையே கண்டிருப்பான். மேடையிலிருந்து ஸ்டூடியோவுக்குச் சென்றது அவனுக்கு ஒரு திரையிலிருந்து மற்றொரு திரைக்குச் சென்றது போன்றதே.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பாடிப் பிழைத்த அப்பிள்ளைகள் படங்களிலெல்லாம் வாய்மூடியே நிற்கின்றனர். அசைந்தால் படம் கெடும். ஆதலால் உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கி, படக்காரர் சொன்ன இடத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். நாலரைக் கட்டையில் எட்டிப் பிடிக்கும்போது கழுத்து நரம்பு புடைத்ததா, கண்ணை மூடிப் பாடினானா, ஆர்மோனியக்காரர் முகத்தைப் பார்த்துப் பாடினானா — ஒன்றும் தெரியவில்லை. குரலைப் பிடிக்கும் கருவியோ முன்னரே வந்துவிட்டது. 1902-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்யத் தொடங்கினர். சிறுவயதில் மேடையேறி, 1933-ஆம் ஆண்டில் 27 வயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை இன்றும் இசைத்தட்டில் கேட்கிறோம். ஆனால் குரல் ஓரிடத்திலும் முகம் வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அதுவும் புகழ்பெற்ற சிலருக்குத்தான். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை.

படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாடக நோட்டீசில் அச்சிடப் படம் வேண்டும். அதற்குத் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ செய்யவேண்டும். இச்செலவை ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் செய்வார்கள். சேடி வேடக்காரனுக்கும் சேவகன் வேடக்காரனுக்கும் செய்வார்களோ? அத்தகையோரின் முகம் நமக்குத் தென்பட வழியாயிருந்தது குழுப்படம் ஒன்றே. முதலாளியும் வாத்தியாரும் நாற்காலியில் அமர, பெரிய பிள்ளைகள் பின்னே நிற்க, சிறுவர்கள் முன்னே சம்மணமிட்டு அமர்வது அக்காலத்துக் குழுப்பட முறை. வேடம் இல்லாமல், சொந்த முகத்தோடு, எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு அவர்களை நாம் காண்பது அதில்தான். நாடக வரலாறு எழுதுவோர் அலங்காரப் படங்களையே தேடித் திரிகின்றனர். என் கருத்தில், ஒரு நல்ல குழுப்படம் பத்து அலங்காரப் படங்களுக்கு ஈடாகும்.

இனிக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்புவோம். பெரிய கம்பெனிகள் திரைகளையும் பெட்டிகளையும் இரயிலில் ஏற்றிக்கொண்டு செல்வன. கள்ளக்குறிச்சி நகருக்கோ இருப்புப்பாதை எட்டவில்லை. சேலம்–விருத்தாசலம் பாதையிலுள்ள சின்னசேலமே அண்மை நிலையம். மலைமேல் நிலைமை இன்னும் வேறு. கல்வராயன் மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாக, 1976-ஆம் ஆண்டுவரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சாலையும் பள்ளியும் மின்விளக்கும் அங்கே தாமதமாகவே ஏறின. மேடைத் திரையும் ஸ்டூடியோத் திரையும் அம்மலைப் பிள்ளைகளுக்கு எளிதில் எட்டாதவையே.

ஆனாலும் மலைவாழ் மக்களைக் கருவி கொண்டு தேடிச் சென்றோர் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளி என்று வழங்கும் மலைவாழ் மக்களைப் பற்றியும் அதில் எழுதியுள்ளார். அத்தொகுதிகளில் படங்கள் நிறைய உள்ளன. அவற்றில் நிற்போர் பெயரில்லாமல், தத்தம் குலத்துக்கு மாதிரியாக நிற்கின்றனர். கம்பெனிப் பையன் அபிமன்யுவாக நின்றான். மலைவாசி ஒரு குலமாக நின்றான். இருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் படமெடுத்தவர் அரியர்.

விரைவில் படமெடுக்கும் கருவி வாராமற் போகவில்லை. 1925-ஆம் ஆண்டில் லைக்கா என்னும் சிறு கருவி ஜெர்மனியில் வெளிவந்தது. 1929-இல் புகையில்லாத பிளாஷ் குமிழ் வந்தது. பின்னர் வேகமான பிலிம் சுருள்களும் வந்தன. இவை நம் நாட்டுச் சிற்றூர் ஸ்டூடியோக்களை வந்தடைவதற்குள், பாலர் கம்பெனிகளில் பல கலைந்துவிட்டன. 1931-ஆம் ஆண்டில் பேசும் படம் தொடங்கியது, 1935-இல் தி. க. ச. குழுவினரே ‘மேனகா’ திரைப்படத்தில் நடித்தனர். மேடையில் ஒரு படம்கூட எடுக்கப்படாத நடிகர்கள், சினிமாவுக்குப் போனபின் ‘ஸ்டில்’ படக்காரரின் கருவிக்கு முன்னே நாள்தோறும் நின்றனர். அப்போது அவர்கள் பாலர்கள் அல்லர். பெரிய நடிகர்களின் இளமைப் படத்தைத் தேடுவோர் கையில், பெரும்பாலும் இருபது வயதுக்கு மேற்பட்ட முகமே அகப்படுவதன் காரணம் இதுவாகலாம்.

எடுத்தவையும் எஞ்சவில்லை. கண்ணாடித் தகடு கனமானது, உடையும், இடத்தை அடைக்கும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதன் மேலுள்ள பசையை உரித்துவிடும். பசையில் கலந்த வெள்ளிக்காகப் பழைய தகடுகளையும் பிலிம்களையும் எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்களும் உண்டு. தாத்தா காலத்துத் தகடுகளைப் பேரன் விலைக்குப் போடுவதை நாம் குறை கூறலாகாது. அதற்குள் இருப்பது இன்னார் முகம் என்று அவனுக்குச் சொன்னவர் யாருமில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டிக் கணினியில் ஏற்றியுள்ளனர். மிகவும் பாராட்டத்தக்க பணி. நாடக வரலாற்றில் ஈடுபாடு உடையோர் அத்திரட்டை இன்னும் நன்கு துருவிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகம் இன்று அதனுள் அடங்கும். சித்திரைத் திங்களில் அங்கே கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் படக்கருவிகளோடு வருவோர் கூட்டம் சொல்லி முடியாது. அதே மாவட்டத்தில், திரௌபதியம்மன் கோயில் வாசலில் விடியும்வரை பின்பாட்டுப் பாடிய பையனைத் தேடிக் கருவியோடு வருவோர் யாருமில்லை. ஊரார் கைப்பேசிதான் அவனுக்குப் படக்காரர்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2022–23 கல்வியாண்டு முதல் கலைத்திருவிழா நடைபெற்று வருகிறது. பாட்டும் நடனமும் நாடகமும் அதில் உண்டு. மலைமேலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. இத்தகைய விழாக்களில் நாடகம் முடிந்தபின் எடுக்கும் படங்களைக் கவனித்துப் பாருங்கள். ஆசிரியர்கள் நடுவே நிற்பர், பிள்ளைகள் உயர வரிசையில் இருபுறமும் நிற்பர், கையில் சான்றிதழ், ‘அசையாதீர்கள்’ என்னும் சொல்லுக்கு அடங்கி எல்லோரும் வாய்மூடி நிற்பர். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் படம் பிடிக்கும் கருவி எதிரே இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் அந்த உலர்தகட்டுக்காகவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சற்று முன்னர் அவர்கள் பாடியபோது எடுத்த படங்கள், ஆசிரியர் ஒருவரின் கைப்பேசியில் இருக்கும். பள்ளிச் சுவரில் மாட்டப்படுவது வரிசையாக நின்ற படமே.